லெகோ கட்டைகளால் 30 விநாடிக் கணினி அசைவூட்டம்: பொம்மை பொம்மையாகவே தெரிய என்ன செய்ய வேண்டும்?

நெய்தல் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். லெகோ கட்டைகளை வைத்து ஒரு சிறிய அசைவூட்டப் படத்தை முழுக்கக் கணினியிலேயே செய்துகொண்டிருக்கிறேன். நீளம் 30 விநாடிதான். கடலோரப் பாறையின்மேல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. பொழுது சாயும் நேரத்தில் அதன் விளக்கு அணைந்துவிடுகிறது. காவலர் பொம்மை படியேறிச் சென்று விளக்கை மாற்றுகிறது. வெளிச்சம் திரும்பியதும் தொலைவில் வந்துகொண்டிருந்த படகு திசை மாறிச் செல்கிறது. வசனம் எதுவும் இல்லை. கோபுரத்துக்கு வேண்டிய வெள்ளை, சிவப்புக் கட்டைகளும் கடலை நிரப்பும் அளவுக்குச் சிறு தட்டுகளும் கைவசம் இல்லாததால்தான் ஸ்டாப் மோஷனை (பொருளைக் கையால் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுக்கும் முறையை) விட்டுவிட்டுக் கணினிக்கு வந்தேன்.

கோபுரத்தை பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்னும் லெகோ வடிவமைப்பு மென்பொருளில் கட்டி, எல்ட்ரா (லெகோ உறுப்புகளைக் கணினியில் விவரிக்கும் அமைப்பு) கோப்பாக ஏற்றுமதி செய்து, பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளுக்குள் இறக்கியிருக்கிறேன். அதன் சைக்கிள்ஸ் என்னும் ஒளிக்கணிப்புக் கருவியில் சில சோதனை ஃப்ரேம்களை (தனிப்படங்களை) ரெண்டர் செய்து, அதாவது இறுதிப் படமாக உருவாக்கிப் பார்த்தேன். எல்லாக் கட்டைகளும் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் கோபுரம் பல கட்டைகளை அடுக்கிக் கட்டியதாகத் தோன்றாமல், ஒரே அச்சில் வார்த்தெடுத்து மேலே வண்ணம் பூசியதாகத் தோன்றுகிறது. பொம்மையின் நடையிலும் இதே குறைதான். கால்கள் ஆடுகின்றன, உடல் நகர்கிறது, ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே தெரியவில்லை. உண்மையான கட்டைகளைக் கையால் நகர்த்திப் படம் பிடித்தது போன்ற உணர்வு வர வேண்டும் என்பதே என் விருப்பம். எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கட்டைப்பெட்டி

வணக்கம், நெய்தல். முதலில் கோபுரத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் குறை பெரும்பாலும் அளவிலேயே இருக்கிறது.

லெகோவில் ஒரு குமிழின் (கட்டையின் மேலுள்ள வட்டப் புடைப்பின்) நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்குள்ள தொலைவு 8 மி.மீ. கட்டையின் உயரம், குமிழை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 9.6 மி.மீ. தட்டின் (மெல்லிய கட்டையின்) உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மி.மீ. இதைக் கொண்டு, இரண்டுக்கு நான்கு குமிழ் கொண்ட கட்டை 16 மி.மீ. அகலமும் 32 மி.மீ. நீளமும் இருக்கும் என்று கணக்கிடத் தோன்றும். ஆனால் கையில் எடுத்து அளந்தால் 15.8, 31.8 என்றுதான் வரும். பக்கத்துக் கட்டையோடு உராயாமல் இறங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பக்கத்திலும் 0.1 மி.மீ. குறைத்தே செய்கிறார்கள். ஆகவே அடுத்தடுத்து நிற்கும் இரு கட்டைகளுக்கு நடுவே 0.2 மி.மீ. இடைவெளி எப்போதும் உண்டு. அந்த இடைவெளியில் விழும் மெல்லிய நிழல்தான் சுவரைக் கட்டைகளாகப் பிரித்துக் காட்டுகிறது.

எல்ட்ரா நூலகத்தில் அந்த 0.1 மி.மீ. கிடையாது. 1995-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெசிமன் உருவாக்கிய அமைப்பு அது. அதில் ஓர் அலகு 0.4 மி.மீ., ஒரு குமிழின் இடம் 20 அலகு, கட்டையின் உயரம் 24 அலகு. எல்லாம் முழு எண்கள் என்பதால் கட்டுவதற்கு மிக வசதி. ஆனால் ஒரு கட்டையின் பக்கமும் அடுத்த கட்டையின் பக்கமும் துல்லியமாக ஒரே தளத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நிழல் புகவே இடமில்லை. அதனால்தான் உங்கள் கோபுரம் வார்த்தெடுத்தது போலத் தெரிகிறது. பிளெண்டருக்கான எல்ட்ரா இறக்குமதிக் கருவியிலேயே உறுப்புகளுக்கு இடையே இடைவெளி விடுவதற்கு ஒரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கி மறுபடி இறக்குமதி செய்யுங்கள்.

அடுத்தது விளிம்பு. கணினியில் இரு தளங்கள் சந்திக்கும் இடம் கத்தி முனையாக இருக்கும். வார்த்தெடுத்த பிளாஸ்டிக்கில் அப்படி ஒரு விளிம்பு இருக்க முடியாது. சிறிதளவேனும் மழுங்கியிருக்கும், அந்த மழுங்கிய வளைவில் ஒளி பட்டு ஒரு மெல்லிய கோடாக மின்னும். பெவல் (விளிம்பை மழுக்கும் கருவி) அளவை 0.1 முதல் 0.2 மி.மீ. வரை வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் போனால் சோப்புக் கட்டியாகிவிடும். எல்ட்ரா உறுப்புகளில் முனைகள் ஒன்றோடொன்று இணையாமல் இருப்பதுண்டு; நெருங்கிய முனைகளை ஒன்றாக்கிய பிறகே பெவல் ஒழுங்காக வேலை செய்யும். குமிழ்கள் பலகோணமாகத் தெரிந்தால், 16 பக்க வட்டங்களுக்குப் பதிலாக 48 பக்க வட்டங்களைக் கொண்ட உயர் தெளிவு வடிவங்களை இறக்குமதியின்போது தேர்ந்தெடுங்கள்.

ஒளிவட்டம்

கட்டைப்பெட்டி ஐயா சொன்ன இடைவெளி எந்த ஷாட்டில் தெரியும், எதில் தெரியாது என்பதையும் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில் 20 செ.மீ. அகலக் காட்சி அடங்கினால், ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.1 மி.மீ. அப்போது 0.2 மி.மீ. இடைவெளி இரண்டு பிக்சல் அகலக் கோடாகத் தெளிவாக நிற்கும். அதே கேமரா பின்வாங்கி 60 செ.மீ. காட்சியைப் பிடித்தால் ஒரு பிக்சல் 0.3 மி.மீ. ஆகிவிடும், இடைவெளி ஒரு பிக்சலுக்கும் குறைந்து மங்கிப்போகும். முழுக் கோபுரத்தையும் காட்டும் ஷாட்டில் உண்மையான அளவை மட்டும் நம்பியிருக்காமல், பக்கவாட்டிலிருந்து தாழ்வான கோணத்தில் ஒரு விளக்கைப் போட்டுக் குமிழ்களின் நிழலையும் விளிம்புகளின் மின்னலையும் வரவழைக்க வேண்டும். உங்கள் கதை மாலை நேரத்தில் நடப்பது நல்வாய்ப்பு.

கேமராவைப் பற்றி இரண்டு செய்திகள். காட்சியை உண்மை அளவிலேயே வைத்திருந்தால், பொம்மையின் உயரம் 4 செ.மீ. பிளெண்டர் கேமராவின் அண்மை வெட்டு எல்லை இயல்பாக 10 செ.மீ. என்பதால், முகத்துக்கு அருகே கேமராவைக் கொண்டுபோனால் பொம்மையே மறைந்துபோகும். அதை 1 மி.மீ. ஆக்கிவிடுங்கள். சிலர் வசதிக்காகக் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி வேலை செய்கிறார்கள். அப்படிச் செய்தால் எஃப் எண்ணை (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்ணை) பத்தில் ஒன்றாகக் குறைக்கவும், விளக்குகளின் ஆற்றலை நூறு மடங்காக்கவும் மறக்கக் கூடாது. லென்ஸின் குவியத் தூரம் மில்லிமீட்டரில் அப்படியே நிற்பதால், காட்சி மட்டும் பெரிதாகும்போது பின்புல மங்கல் காணாமல் போய்விடும்.

அந்த மங்கல்தான் பார்ப்பவர் கண்ணுக்குப் பொருளின் அளவைச் சொல்கிறது. எல்லாமே கூர்மையாக இருந்தால் மனம் அதை ஒரு கட்டடமாக எடுத்துக்கொள்கிறது. ஓரளவு மங்கியதும் மேசைமேல் இருக்கும் பொம்மை என்று புரிந்துகொள்கிறது. ஆனால் இதில் பேராசை ஆகாது. 36 மி.மீ. சென்சாரில் 20 செ.மீ. அகலக் காட்சியைப் பிடிக்கும்போது, எஃப் 2.8-இல் கூர்மை நிற்கும் ஆழம் சுமார் 6 மி.மீ. மட்டுமே, அதாவது ஒரு குமிழின் இடத்துக்கும் குறைவு. பொம்மையின் மூக்குப் பக்கம் தெளிவாக இருக்கும், முதுகு கரைந்துவிடும். எஃப் 16-இல் அது ஏறத்தாழ 35 மி.மீ. ஆகும். நான் 11-க்கும் 16-க்கும் நடுவே வைத்துக்கொள்வது வழக்கம்.

நிறத்தையும் கவனியுங்கள். பிளெண்டர் 4.0 முதல் இயல்பான நிறக் காட்சி முறை ஏஜிஎக்ஸ். வெயில் நேரத்து நிலக்காட்சிகளுக்கு அது அருமையானது. ஆனால் வெளிச்சம் கூடும் இடங்களில் நிறத்தை வெளுக்கச் செய்யும். லெகோவின் சிவப்பும் மஞ்சளும் அடர்த்தியாக நிற்பவை என்பதை எல்லோரும் சிறுவயதிலிருந்தே அறிவார்கள். வெளுத்த சிவப்பைக் கண்டதும் ‘இது வேறு’ என்று கண் சொல்லிவிடும். ‘ஸ்டாண்டர்ட்’ முறைக்கு மாற்றி, விளக்குகளை அடக்கமாக வைத்துப் பாருங்கள்.

நெய்தல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இடைவெளியும் பெவலும் சேர்ந்ததும் கோபுரம் உயிர்பெற்றுவிட்டது. ஒரே ஒரு ஐயம்: கட்டைகளின்மேல் கீறலும் கைரேகையும் சேர்க்க வேண்டும் என்று பல இடங்களில் படித்தேன். 2014-இல் சிட்னியின் அனிமல் லாஜிக் நிறுவனம் செய்த ‘தி லெகோ மூவி’யில் அப்படித்தான் செய்தார்கள் என்றும் அறிகிறேன். 30 விநாடிப் படத்துக்கு அவ்வளவு தேவைப்படுமா?

கட்டைப்பெட்டி

அண்மை ஷாட்களில் தேவை, மற்றவற்றில் வேண்டாம். ஒளிவட்டம் சொன்ன கணக்கே இதற்கும் பொருந்தும். 0.1 மி.மீ.-க்கும் மெல்லிய கீறல் தனியாகத் தெரியாது. மினுமினுப்பைச் சற்றுக் கலைத்துக் காட்டும், அவ்வளவுதான். ஆகவே ரஃப்னஸ் (பரப்பின் சொரசொரப்பு) மதிப்பை எல்லா இடத்திலும் 0.15 என்று ஒரே சீராக வைக்காமல், ஒரு நாய்ஸ் டெக்ஸ்சரை (ஒழுங்கின்றி ஏறி இறங்கும் மதிப்புகளின் கோலத்தை) கொண்டு 0.1-க்கும் 0.25-க்கும் இடையே ஏறி இறங்கவிட்டால் போதும். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு கட்டையின் நிறத்தையும் கண்ணுக்குத் தெரியாத அளவு மாற்றுங்கள். பொருளுக்குப் பொருள் மாறும் ராண்டம் மதிப்பைக் கொண்டு ஒளிர்வை ஓரிரு விழுக்காடு கூட்டிக் குறைக்கலாம். அதோடு ஒவ்வொரு கட்டையையும் பாகையில் கால் பங்கு திருப்பியும் வைக்கலாம். கையால் கட்டிய எந்தச் சுவரும் நூல் பிடித்ததுபோல் நிற்பதில்லை.

வெண்திரை

தோற்றத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. என் பார்வையில் பொம்மைப் படத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அசைவுதான். நெய்தல் அவர்கள் விநாடிக்கு 24 ஃப்ரேம் வைத்து, இரண்டு கீஃப்ரேம்களுக்கு (நாம் நிலையைக் குறித்துவைக்கும் ஃப்ரேம்களுக்கு) நடுவே உள்ளதைக் கணினியே நிரப்பும்படி விட்டிருப்பார் என்று எண்ணுகிறேன். அப்படி நிரப்பும்போது ஒவ்வொரு அசைவும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும். கையால் நகர்த்திய பொருளிடம் அந்த வழுக்கல் இருக்காது. ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்திப் பிடியுங்கள். விநாடிக்கு 12 நிலைகள் என்று ஆகும். அசைவுகளை வளைவுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் ‘ஸ்டெப்டு’ என்னும் மாடிஃபயரைப் போட்டு அளவை 2 என்று கொடுத்தால், வளைவுகளைத் தொடாமலேயே இது கிடைத்துவிடும். மோஷன் பிளரை அறவே அணைத்துவிடுங்கள். ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு படமும் அசையாத பொருளின் படம் என்பதால் அங்கே அசைவின் மங்கல் உருவாக வழியே இல்லை.

1973-இல் டென்மார்க்கில் லார்ஸ், ஹென்ரிக் ஹாசிங் என்னும் சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோதே சூப்பர் 8 கேமராவில் லெகோவை வைத்து நிலவுப் பயணம் ஒன்றைப் படமாக்கினார்கள். பொம்மைக்குக் கையும் காலும் அசையும் இன்றைய வடிவம் 1978-இல்தான் வந்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் அதைச் செய்தார்கள். கை போகும் இடமெல்லாம் தெரிவதுதான் இந்தக் கலையின் அழகு. ஆகவே என் விதி ஒன்றே ஒன்று: ஒரு கையால் மேசைமேல் செய்ய முடியாத எதையும் ஃப்ரேமுக்குள் அனுமதிக்காதீர்கள்.

முடுக்கி

வெண்திரை அவர்களின் கருத்தை மதிக்கிறேன். ஆனாலும் ‘இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு நிலை’ என்பதை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பொருத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொம்மை நடக்கும்போது கேமராவும் அதைத் தொடர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். பொம்மையை 12 நிலையில் வைத்துவிட்டுக் கேமராவை 24-இல் ஓடவிட்டால், முதல் ஃப்ரேமில் பொம்மை சட்டத்தின் நடுவில் நிற்கும். இரண்டாம் ஃப்ரேமில் கேமரா முன்னே போயிருக்கும், பொம்மை போயிருக்காது, ஆகவே சற்றுப் பின்தங்கித் தெரியும். மூன்றாவதில் மறுபடி நடுவுக்கு வரும். விநாடிக்குப் பன்னிரண்டு முறை பொம்மை முன்னும் பின்னும் உதறும். பெரிய திரையில் பார்த்தால் தலை வலிக்கும்.

இதற்குத் தீர்வு இரண்டு. கேமராவையும் 12-க்கே கட்டுப்படுத்துவது ஒன்று. பொம்மை இடம் மாறுவதை மட்டும் 24-இல் விட்டுவிட்டு, கை, கால், தலை ஆகியவற்றின் நிலைகளை 12-இல் வைப்பது மற்றொன்று. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். வேகமாக நகரும் ஷாட்களில் கண்ணுக்கு இதமாக இருப்பது அதுதான்.

வெண்திரை

உதறலைப் பற்றிய விளக்கம் முற்றிலும் சரி; தீர்வில்தான் வேறுபடுகிறேன். கால் ஒரு நிலையில் நின்றுகொண்டிருக்கும்போது உடல் மட்டும் முன்னே நகர்ந்தால், பாதம் தரையில் வழுக்கும். குமிழ்கள் நிறைந்த தளத்தில் பாதம் ஒரு குமிழை விட்டு அடுத்த குமிழில் மாட்டுவதுதான் லெகோ நடையின் இயல்பு. அதைக் காக்க வேண்டுமானால் கேமராவை 12-க்குக் கொண்டுவருவதே நேர்மையான வழி. வேகமான கேமரா அசைவு வேண்டும் என்ற ஆசையை இந்தப் படத்தில் விட்டுவிடலாம். கேமரா நின்ற இடத்தில் நிற்கட்டும், பொம்மை சட்டத்துக்குள் நடந்து வரட்டும். 30 விநாடிக் கதைக்கு அதுவே போதுமானது.

நெய்தல்

கேமராவை நிறுத்தியே வைத்துவிட்டேன். காட்சிகள் எல்லாம் அமைதியாகிவிட்டன, இந்தக் கதைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. இப்போது எனக்குள்ள பெரிய இடர் படிக்கட்டு. பொம்மைக்கு முழங்கால் இல்லை. கோபுரத்துக்குள் ஒரு கட்டை உயரத்துக்கு ஒரு படி என்று அமைத்திருக்கிறேன். எப்படி ஏற்றினாலும் கால் படிக்குள் புகுந்துவிடுகிறது. காலைச் சற்று வளைத்துவிடலாமா?

முடுக்கி

தயவுசெய்து வளைக்க வேண்டாம். இந்த ஒன்றில் வெண்திரையும் நானும் ஒரே பக்கம். பிளாஸ்டிக் ஒருமுறை வளைந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அதைப் பிளாஸ்டிக் என்று நம்ப மாட்டார்கள். பொம்மைக்கு அசையும் இடங்கள் ஏழு: தலை, இரு தோள், இரு மணிக்கட்டு, இடுப்பில் இரு கால். பொம்மையை அசைப்பதற்கான எலும்புக்கூட்டைப் பிளெண்டரில் அமைக்கும்போது இந்த ஏழையும் ஒவ்வோர் அச்சில் மட்டும் சுழலும்படி பூட்டிவிடுங்கள். தோளின் அச்சு சாய்வானது என்பதை மறக்காதீர்கள். கை முன்னே உயரும்போது பக்கவாட்டிலும் சற்று விலகும். அந்தச் சாய்வை விட்டுவிட்டால் பார்ப்பவர்களுக்கு எங்கோ இடறும், எங்கே என்று சொல்லத் தெரியாது.

இனிக் காலின் கணக்கு. எல்ட்ராவில் இடுப்பு அச்சிலிருந்து பாதத்தின் அடிவரை 28 அலகு, அதாவது 11.2 மி.மீ. கால் விறைப்பான ஒரு கோல் என்பதால், அது எவ்வளவு பாகை முன்னே போகிறதோ அதற்கேற்பவே பாதம் தரையிலிருந்து உயரும். ஒரு தட்டு உயரத்துக்கு, அதாவது 3.2 மி.மீ.-க்குப் பாதத்தைத் தூக்க ஏறத்தாழ 44 பாகை வேண்டும். ஒரு முழுக் கட்டையின் உயரமான 9.6 மி.மீ.-க்குத் தூக்க 82 பாகை வேண்டும். அந்நிலையில் பொம்மை உட்கார்ந்தே விடும். ஆகவே படியின் உயரத்தை ஒரு தட்டாகக் குறையுங்கள். படிகள் மூன்று மடங்காகும், ஆனால் பொம்மையால் ஏற முடியும்.

சமதளத்து நடையையும் இதே கணக்கில் சரிசெய்யலாம். இரு கால்களும் முன்னும் பின்னும் 21 பாகை விரிந்தால் காலடி 8 மி.மீ., சரியாக ஒரு குமிழ். அப்போது இடுப்பு 0.7 மி.மீ. தாழ வேண்டும். 45 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக விரித்தால் இரண்டு குமிழ், இடுப்பு 3.4 மி.மீ. தாழும். கால்கள் ஒன்றுசேரும்போது உடல் பழைய உயரத்துக்கு எழும். இவை பாதத்தின் நடுப்பகுதியை வைத்துப் போட்ட கணக்கு. பாதம் தட்டையானது என்பதால் குதியும் நுனியும் படும் இடத்தில் கொஞ்சம் கைத்திருத்தம் தேவைப்படும். கால் விரிவதற்கு ஏற்ப இடுப்பு இறங்காததுதான் உங்கள் முதல் பதிவில் ‘தொடர்பு இல்லை’ என்று நீங்கள் சொன்ன குறைக்குக் காரணமாக இருக்க வேண்டும். இடுப்பின் உயரத்தைக் காலின் கோணத்தோடு ஒரு டிரைவர் (ஒரு மதிப்பை இன்னொன்றிலிருந்து தானாகக் கணக்கிடும் அமைப்பு) வழியாக இணைத்துவிட்டால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கையால் திருத்த வேண்டியிருக்காது.

சிறுதட்டு

இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். கடலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். நெய்தல் அவர்கள் கடலை எப்படி அமைத்திருக்கிறார்?

நெய்தல்

இப்போதைக்குக் கண்ணாடிபோன்ற நீலப் பரப்பு ஒன்றை அலையவிட்டிருக்கிறேன். கட்டைக் கோபுரத்தின் அருகே அது ஒட்டவில்லை என்பது எனக்கும் தெரிகிறது.

சிறுதட்டு

ஒரு குமிழ் கொண்ட வட்டத் தட்டுகளால் கடலை நிரப்புங்கள். 48-க்கு 48 குமிழ் பரப்புக்கு 2,304 தட்டுகள் போதும். பரப்பின் பக்கம் 38.4 செ.மீ. வரும். பிளெண்டரில் விதிகளைக் கொண்டு வடிவங்களை உருவாக்கும் ஜியோமெட்ரி நோட்ஸில் ஒரே தட்டைப் பிரதிகளாகப் பரப்பினால் நினைவகம் அதிகம் செலவாகாது, ஏனென்றால் வடிவம் ஒன்றுதான், இடங்கள் மட்டுமே பல. அலையின் உயரத்தை நாய்ஸ் மூலமாகக் கணக்கிட்டு, அந்த எண்ணை 3.2-ஆல் வகுத்து, முழு எண்ணாக்கி, மறுபடி 3.2-ஆல் பெருக்குங்கள். அப்போது எந்தத் தட்டும் இரண்டு உயரங்களுக்கு நடுவே அந்தரத்தில் நிற்காது. ஒரு தட்டு உயரம், இரண்டு தட்டு உயரம் என்று ஏறி இறங்கும். கீழே அடுக்கி வைத்திருப்பவற்றின் மேல் ஒரு கை தட்டுகளைச் சேர்ப்பதும் எடுப்பதும் போலவே அது இருக்கும். அலையின் கால ஓட்டத்தையும் மூன்று அல்லது நான்கு ஃப்ரேமுக்கு ஒருமுறை மட்டும் மாற்றுங்கள். பொம்மையைவிடக் கடல் மெதுவாக மாறினால்தான் கண் பொம்மையிடமே நிற்கும்.

நுரைக்கு, மிக உயர்ந்த நிலையில் உள்ள தட்டுகளுக்கு மட்டும் வெள்ளை நிறம் கொடுங்கள். அதை நான் செய்து பார்த்தபோது, அதுவரை நீலப் புள்ளிகளாக இருந்தது சட்டென்று கடலாகத் தெரிந்தது.

வெண்திரை

மிக அழகான யோசனை. அப்படியே விளக்கின் ஒளிக்கற்றையையும் சொல்லிவிடுகிறேன். காற்றில் புகை பரப்பி அதில் ஒளிக்கற்றை தெரியும்படி செய்யலாம். ஆனால் ரெண்டர் நேரத்தை அது விழுங்கிவிடும், இரைச்சலும் நிறைய வரும். என் விதியின்படி பார்த்தால் ஒளிக்கற்றையும் ஒரு கட்டையாகவே இருக்க வேண்டும். ஊடுருவும் மஞ்சள் நிறம் எல்ட்ராவில் 46-ஆம் எண். அந்த நிறத்தில் நீண்ட உறுப்புகளை விளக்கிலிருந்து வெளியே நீட்டிக் கட்டி, முழு அமைப்பையும் சுழலவிடுங்கள். விளக்கு அணையும் தருணத்தில் அந்த உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிக் காட்டலாம்.

முடுக்கி

இதில் எனக்கு உடன்பாடில்லை, வெண்திரை. படகு திசை திரும்புவதற்குக் காரணமே ஒளி படகின்மீது விழுவதுதான். உண்மையான ஒளி அந்தத் தட்டுகளின் குமிழ்கள் மீது ஓடி வரும்போது கிடைக்கும் மின்னலை எந்த மஞ்சள் உறுப்பும் தர முடியாது. மேசைமேல் படம் எடுப்பவர் ஒரு சிறு மின்விளக்கைக் கோபுரத்துக்குள் வைத்துத் திருப்பியிருப்பார் அல்லவா? உங்கள் விதிக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. புகை வேண்டாம், ஒரு ஸ்பாட் விளக்கு மட்டும் 12 நிலையில் சுழலட்டும், கடலின்மேல் அதன் வட்டம் ஓடட்டும்.

வெண்திரை

கோபுரத்துக்குள் மின்விளக்கு வைப்பதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. அந்தக் காட்சியைப் பொறுத்தவரை உங்கள் வழியே மேல்.

கரைமணல்

படம் முடிந்தபின் இணையத்தில் வெளியிடும் எண்ணம் உண்டு என்றால், பெயர் பற்றி ஒரு சொல். கட்டையின் அடிப்படைக் காப்புரிமை 1958 ஜனவரி 28-இல் பதிவானது. அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கட்டையின் வடிவம் ஒரு தொழில்நுட்பத் தேவையால் அமைந்தது என்பதால் அதை வணிகக் குறியாகப் பதிய முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2010 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் பொம்மையின் உருவமும் காக்கப்பட்டவையே. ரசிகர்கள் தங்கள் படைப்பில் முத்திரையைப் பயன்படுத்தக் கூடாது, நிறுவனம் தங்களை ஆதரிப்பதாகத் தோன்றும்படி எழுதக் கூடாது என்பது அவர்களுடைய வேண்டுகோள். படத்தின் முடிவில், நிறுவனத்துக்கும் இந்தப் படத்துக்கும் தொடர்பு இல்லை என்று ஒரு வரி போட்டுவிடுவது முறை. குமிழின்மேல் எழுத்துகளைப் பொறிக்கும் தெரிவு இறக்குமதிக் கருவியில் உண்டு. அதை அணைத்தே வைத்திருங்கள்.

நெய்தல்

கரைமணல் அவர்களுக்கு நன்றி, அப்படியே செய்கிறேன். படியைத் தட்டு உயரத்துக்குக் குறைத்தேன். இடுப்பை டிரைவரோடு இணைத்தேன். காவலர் ஒவ்வொரு படியிலும் பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து சாய்ந்து ஏறுகிறார். முதியவர் ஒருவர் மூட்டுவலியோடு ஏறுவதுபோல் இருக்கிறது. கதைக்குள் நான் எழுதாத ஒரு குணம் அவருக்குத் தானாகவே வந்துவிட்டது. அதை மாற்றப் போவதில்லை.

இனி ரெண்டர். ஒரு ஃப்ரேமுக்கு என் கணினியில் இரண்டு நிமிடம் ஆகிறது. 30 விநாடிக்கு 720 ஃப்ரேம். முழுதாக 24 மணி நேரம். நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற கவலையும் உண்டு. கடலில் ஊடுருவும் நீலத் தட்டுகளை வைத்ததும் ஆங்காங்கே கறுப்புத் திட்டுகள் தோன்றுகின்றன. அதற்கும் வழி சொல்லுங்கள்.

ஒளிவட்டம்

கேமரா நிற்கிறது, பொம்மையும் விளக்கும் 12 நிலையில் ஓடுகின்றன. கடலின் மாற்றத்தை நான்கு ஃப்ரேமுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு இரண்டாவது ஃப்ரேமும் முந்தியதன் மறுபதிப்பாகவே இருக்கும். மூன்று என்று வைத்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. வெளியீட்டு அமைப்பில் ‘ஃப்ரேம் ஸ்டெப்’ என்பதை 2 ஆக்குங்கள். 360 படங்கள், 12 மணி நேரம். பிறகு அவற்றை வரிசைப்படுத்தி விநாடிக்கு 12 என்று ஓட்டிக்கொள்ளலாம்.

நேரடியாக வீடியோ கோப்பாக ரெண்டர் செய்யாமல் பிஎன்ஜி படங்களாகவே சேமியுங்கள். ‘ஓவர்ரைட்’ என்பதை அணைத்து, ‘பிளேஸ்ஹோல்டர்ஸ்’ என்பதை இயக்கி வையுங்கள். மின்சாரம் போய் வந்தபின் மறுபடி தொடங்கினால், ஏற்கெனவே முடிந்த படங்களை விட்டுவிட்டு மீதியிலிருந்து தொடரும். ஆனால் மின்சாரம் போன நேரத்தில் பாதியில் நின்ற படத்தின் இடத்தில் வெற்றுக் கோப்பு ஒன்று கிடக்கும்; அதை முதலில் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் முடிந்ததாகக் கருதப்பட்டு, அந்த ஃப்ரேம் காலியாகவே நின்றுவிடும்.

கறுப்புத் திட்டுகளுக்குக் காரணம் ஒளிக்கதிர் ஊடுருவும் எண்ணிக்கையின் வரம்பு. சைக்கிள்ஸில் ஒரு கதிருக்கு இயல்பாக மொத்தம் 12 முறைதான் அனுமதி. ஒரு தட்டுக்குள் புகுந்து வெளியேறினாலே இரண்டு போய்விடுகிறது. அடுக்கி வைத்த ஐந்தாறு தட்டுகளைச் சாய்வாகக் கடப்பதற்குள் வரம்பு தீர்ந்து, கதிர் கறுப்பாக முடிகிறது. வரம்பை 32 ஆக உயர்த்தலாம், ஆனால் நேரம் கூடும். அதைவிட நல்ல வழி, மேலடுக்குத் தட்டுகளை மட்டும் ஊடுருவுவதாக வைத்து, அவற்றுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒளிபுகாத அடர்நீலத் தட்டுகளாக மாற்றிவிடுவது. மேலிருந்து பார்க்கும்போது ஆழமும் தெரியும், திட்டும் வராது. முதலில் விளக்கின் ஒளி கடலைக் கடக்கும் ஷாட்டில் மூன்று ஃப்ரேம்களை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டு, அதன்பின் முழு வரிசையையும் ஓடவிடுங்கள்.